ஒரே மரபணுவா, இரண்டா? நெல் தரவில் சிக்கிக்கொண்டேன்

150 நெல் வரிசைகள் (தனித்தனி மரபுவழிகள்), ஆடுதுறை, கோவை, பரமக்குடி மூன்று இடம், ஜூன் விதைப்பும் அக்டோபர் விதைப்பும், ஆக 6 சூழல்கள். பார்ப்பது பூக்கும் நாள். ஒரு வரிசை ஆடுதுறையில் ஜூனில் விதைத்தால் 94 நாள், அக்டோபரில் 71. பக்கத்துப் பாத்தியில் இருந்தது இரண்டு பருவத்திலும் 67தான், அசையவே இல்லை.

ஃபின்லே-வில்கின்சன் முறையில் ஒவ்வொரு வரிசைக்கும் சரிவு (சூழலின் சராசரி மாறும்போது அந்த வரிசை எவ்வளவு மாறுகிறது என்ற அளவு) எடுத்து மரபணு வரைபடத்தில் தேடினால், 6ஆம் குரோமோசோமில் எச்டி1 (பூக்கும் காலத்தை ஆளும் மரபணு) இருக்கும் இடத்தில்தான் தொடர்பின் உச்சம் வருகிறது. வரிசையின் 6 சூழல் சராசரிக்கும் அதே இடம்! எச்டி1 நீண்ட பகலில் பூப்பதைத் தள்ளிப்போடும், குறுகிய பகலில் தூண்டும் என்பதால் பொருந்தத்தான் செய்கிறது, ஆனால் இரண்டுக்கும் ஒரே இடம் என்பதுதான் சந்தேகமாகவும் இருக்கிறது.

பூக்கும் நாளுக்கு லாக் (மடக்கை) எடுத்துப் பார்த்தேன், சரிவின் உச்சம் பாதியாகக் குறைந்தது. பரமக்குடியை (ஒரு பருவம் வறட்சி) விட்டுவிட்டுப் பார்த்தேன், மாற்றமில்லை. அப்புறம் சராசரியைத் துணை மாறியாக வைத்தேன் (அதன் பங்கைக் கழித்துப் பார்க்க), 3ஆம் குரோமோசோமில் புதிதாக ஒன்று தலைகாட்டியது, அதை நம்பலாமா என்று தெரியவில்லை. எல்லாம் ஆர் மென்பொருளில், எல்எம்இ4 தொகுப்பில்.

சராசரியின் நிழலாக வரும் சரிவையும், உண்மையிலேயே மாறுதலை மட்டும் ஆளும் மரபணுவையும் 6 சூழல் தரவை வைத்து எப்படிப் பிரிப்பது?