கம்ப்யூட்டருக்குக் குறைந்த செலவில் நல்ல சத்தம்: திருகோணமலைக்காரர் அனுபவங்கள்

உவர்மலையில் இருந்து:

கல்யாண வீடியோ எடிட் செய்வது என் தொழில். அதனால் ஹெட்போனோ ஸ்பீக்கரோ வாங்க நினைப்பவர்கள் நேரே என்னிடம் வந்து நிற்பார்கள். வருகிறவர்களில் பாதிப்பேர் எடுத்த எடுப்பில் கேட்பது, “நல்ல சவுண்ட் கார்ட் ஒன்று சொல்லுங்கோ.” கம்ப்யூட்டரில் சத்தத்தை உருவாக்கத் தனியாகப் போடும் அட்டை அது. நான் திரும்பத் திரும்பச் சொல்வது, கையில் உள்ள காசில் பெரும்பங்கை ஹெட்போனுக்கோ ஸ்பீக்கருக்கோ ஒதுக்குங்கள், கார்டைப் பற்றிக் கடைசியில் யோசிப்போம் என்பதுதான். இதைக் கேட்டு என்னோடு மல்லுக்கு நின்றவர்களின் கதைகளில் சிலதை எழுதுகிறேன். உங்களுடையதையும் கீழே போடுங்கள்.

பாலையூற்றில் ஓய்வுபெற்ற தபால் அதிபர் ஒருவர் இருக்கிறார். பழைய பாட்டுப் பிரியர். ஸ்பீக்கரில் இரைச்சல், ஆகவே சவுண்ட் பிளாஸ்டர் கார்ட் போட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அவர் காலத்துக்கு அது சரியான பேச்சு. 1989-இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டரைக் கொண்டுவந்தபோது கம்ப்யூட்டருக்குச் சொந்தக் குரல் என்றால் வெறும் ‘பீப்’தான். பிறகு மதர்போர்டிலேயே சத்தத்துக்கான சிப் வந்துவிட்டது. 2007-இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது, விளையாட்டுகளின் ஒலியைக் கார்டின் வன்பொருளே கணக்கிடும் பழைய வழியும் அடைபட்டுப் போனது. இன்று சாதாரண போர்டில் இருக்கும் ரியல்டெக் ஏஎல்சி 897 போன்ற சிப் பாட்டுக்கும் படத்துக்கும் தாராளமாகப் போதும்.

அப்போ அந்த இரைச்சல்? வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மவுஸை அசைத்தால் ‘ர்ர்ர்’ என்கிறது, விட்டால் நின்றுவிடுகிறது. ஸ்பீக்கர் வயரை ஐயா பெட்டியின் முன்பக்க ஓட்டையில் குத்தியிருந்தார். உள்ளே அந்த ஓட்டையில் இருந்து போர்டுக்குப் போகிற மெல்லிய வயர், கிராபிக்ஸ் கார்டையும் ஃபேனையும் உரசிக்கொண்டு போகிறது. வழியில் உள்ள மின் இரைச்சலை எல்லாம் அதுதான் வாரிக்கொண்டு வருகிறது. பின்பக்கத்துப் பச்சை ஓட்டைக்கு மாற்றியதும் ‘ர்ர்ர்’ போய்விட்டது. அடியில் ‘ம்ம்ம்’ என்று ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. கம்ப்யூட்டர் ஒரு சுவர் பிளக்கிலும், பழைய ஆம்ப்ளிஃபையர் அறையின் மறுமூலைப் பிளக்கிலும் இருந்தன. இரண்டுக்கும் இடையே ஏர்த் சுற்றி வந்தால் நம் 50 ஹேர்ட்ஸ் கரண்ட் ஸ்பீக்கரில் முனகும். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் கோடில் போட்டோம், அடங்கியது. அப்படியும் அடங்காத வீடுகளில் ‘கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்’ என்ற சிறு குப்பி ஒன்றை ஆடியோ வயரின் நடுவில் போட்டால் சரியாகும். சில பேர் முனகலை நிறுத்த ஏர்த் பின்னையே வெட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம், ஷோர்ட் ஆனால் உயிர் போகிற விஷயம் அது.

“அப்போ கார்ட் வேண்டாமோ தம்பி?” என்று ஐயா கேட்ட குரலில் ஏமாற்றம் தெரிந்தது. காசு செலவில்லாமல் வருத்தம் மாறினால் நம் ஆட்களுக்கு முழு நம்பிக்கை வராது.

கார்டே தேவையில்லை என்று சொல்லவில்லை. லேப்டாப்பின் ஜாக் செத்துப்போனாலோ, எந்த ஓட்டையில் குத்தினாலும் இரைச்சல் வந்தாலோ யூஎஸ்பி ஓட்டையில் குத்தும் குட்டி சவுண்ட் கார்டான ‘டொங்கிள்’ ஒன்று போதும். அமெரிக்காவில் 9 டொலருக்கு விற்கும் ஆப்பிளின் டைப்-சி டொங்கிளைப் பல பேர் அளந்து பார்த்துப் பாராட்டியிருக்கிறார்கள், விண்டோஸிலும் வேலை செய்கிறது. இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள்: ஐரோப்பாவுக்கான வகையின் வெளியீடு 0.5 வோல்ட், அமெரிக்க வகைக்கு 1 வோல்ட். ஆண்ட்ராய்டு போனில் குத்தினால் சத்தம் குறைவாகவே வரும். நகரத்துக் கடைகளில் தொங்கும் ‘7.1’ என்று அச்சடித்த பிளாஸ்டிக் டொங்கிள்களில் பெரும்பாலும் இரண்டு சனல்தான், மீதி எல்லாம் மென்பொருளின் கற்பனை. ‘24 பிட், 192 கிலோஹேர்ட்ஸ்’ என்ற எழுத்தைப் பார்த்தும் மயங்க வேண்டாம். சிடியின் 16 பிட்டே மிக மெல்லிய சத்தத்துக்கும் மிக உரத்த சத்தத்துக்கும் இடையே 96 டெசிபெல் அளவு வீச்சைத் தருகிறது. மேலே ஃபேன் சுற்றும் நம் அறைகளில் அதன் அடிப்பகுதி ஃபேன் சத்தத்திலேயே மூழ்கிவிடும்.

அடுத்தவர் லிங்கநகர் தம்பி. வெளிநாட்டு ரிவியூ வீடியோக்களில் ஊறிப்போய், ஓப்பன் பேக் ஹெட்போன்தான் (முதுகுப்பக்கம் திறந்திருப்பது) வேண்டும் என்றார். ரிவியூக்காரன் குளிர்நாட்டில் யன்னலைச் சாத்திக்கொண்டு கேட்கிறான். நமக்கு அப்படியா? கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் யன்னலைச் சாத்த முடியாது, ஃபேனை 5-க்குக் கீழே இறக்க முடியாது. வெளியே காகம், ஆட்டோ ஹோர்ன், கோயில் திருவிழா என்றால் மைக் செட். ஓப்பன் பேக்கில் இவை எல்லாம் பாட்டோடு சேர்ந்து காதுக்குள் வரும். நான் அவருக்குச் சொன்னது முதுகுப்பக்கம் மூடியிருக்கும் க்ளோஸ்ட் பேக். ஓடியோ டெக்னிகாவின் எம்20எக்ஸ் அந்த வகை, 47 ஓம்தான் (ஓம் கூடினால் பொதுவாக ஓட்டுவது கஷ்டம்), லேப்டாப்பே சுலபமாக ஓட்டும். கொஞ்சம் கூடக் காசு இருந்தால் சோனி எம்டிஆர் 7506. 1991-இல் வந்த மொடல், இன்னும் எடிட்டிங் அறைகளில் தொங்குகிறது.

க்ளோஸ்ட் பேக்கின் கஷ்டம் வியர்வை. ரெக்சின் குஷன் நம்மூர்ச் சூட்டில் ஊறி ஊறி ஒரு நாள் உரியத் தொடங்கும். கருப்புச் செதில் காது மடலிலும் கன்னத்திலும் ஒட்டிக்கொள்ளும். அதோடு கஸ்டமர் முன்னால் போய் நின்றால், ஏதோ தோல் வியாதி என்று நினைத்து ஒரு அடி தள்ளி நிற்பார். அதனால் மாற்றுக் குஷன் கிடைக்கிற மொடலாகப் பார்த்து வாங்குங்கள், துணிக் குஷன் என்றால் இன்னும் நல்லது. இரவில் மட்டும் கேட்பவர்களுக்கு, காதின் மேல் இலேசாக உட்காரும் கோஸ் போர்ட்டா புரோ ஒரு நல்ல தெரிவு. 1984-இல் வந்த வடிவம் இன்னும் மாறவில்லை. வெளிச்சத்தத்தை அது மறைக்காது, ஆனால் காது அவியாது.

‘ஓம்’ கணக்கையும் பாருங்கள். பேயர்டைனமிக் டிடி 770 புரோ 32, 80, 250 ஓம் என மூன்று விதமாக வருகிறது. கொழும்பில் இருந்து யாரோ மலிவாகக் கொடுத்தார்கள் என்று 250-ஐ வாங்கி வந்த நண்பர், லேப்டாப்பில் முழு வொல்யூம் வைத்தும் சத்தம் போதவில்லை என்கிறார். அவருக்குத்தான் உண்மையில் தனி ஆம்ப் தேவை. ஹெட்போன் வாங்கிய பிறகு ‘ஈக்வலைசர் ஏபிஓ’ என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். காதில் குத்துகிற ட்ரெபிளை (கீச்சுச் சத்தத்தை) சற்று இறக்கினால் மலிவு ஹெட்போன் நிறைய மாறும்.

ஸ்பீக்கர் விஷயத்தில் பெட்டியில் உள்ள எழுத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பெரிய எழுத்தில் ‘1000 வாட் பிஎம்பிஓ’ என்று இருந்தால் அது கண நேர உச்சத்தை ஊதிப் பெருப்பித்த எண். ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வலு, எவ்வளவு என்று தேடுங்கள், அது பெட்டியில் இல்லையென்றால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். நகரத்துக் கடை ஒன்றில், யூஎஸ்பி வயரில் மட்டுமே ஓடும் சோடி ஸ்பீக்கரை ‘20 வாட் ஆர்எம்எஸ்’ என்றார் விற்பவர். பழைய யூஎஸ்பி போர்ட் கொடுப்பது 5 வோல்ட், 0.5 ஆம்பியர். பெருக்கினால் 2.5 வாட். மீதி 17.5 எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். “அண்ணா, நீங்கள் வாங்குறீங்களா இல்லையா?” என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

கிரியேட்டிவ் பெபிள் தன் பெட்டியில் 4.4 வாட் என்று அடக்கமாகத்தான் போட்டிருக்கிறது. மேசையில் கையெட்டும் தூரத்தில் இருந்து கேட்க அது போதும், சத்தம் வரும் கோன்கள் 45 பாகை மேலே பார்ப்பதால் குரல் காதுக்கு வரும். இன்னும் காசு சேர்க்க முடியுமானால் எடிஃபையர் ஆர்1280டி. 42 வாட் ஆர்எம்எஸ், 4 அங்குல வூஃபர். இந்த விலை வட்டாரத்தில் என் கை முதலில் நீள்வது அதற்குத்தான். தனிப் பெட்டியில் ‘டும் டும்’ என்று இடிக்கும் மலிவு 2.1 செட்டுகளை நான் யாருக்கும் சொல்வதில்லை. நம் சீமெந்து அறையின் மூலையில் வைத்தால் பேஸ் குழம்பிக் குரலை விழுங்கிவிடும்.

எதை வாங்கினாலும் இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சம முக்கோணமாக இருக்கட்டும். சின்னக் கோன் காது மட்டத்துக்கு வர வேண்டும். ஐயா வீட்டில் இரண்டு செங்கல்லைத் துணியால் சுற்றிக் கீழே வைத்தோம். பாடகரின் குரல் இரண்டு பெட்டிக்கும் நடுவில் வந்து நின்றது. அதைக் கேட்ட பிறகுதான் அவர் கார்ட் பேச்சை விட்டார்.


கிண்ணியாவில் இருந்து:

நான் ஆசிரியை, மாலையில் ஒன்லைன் வகுப்பு எடுக்கிறேன். எனக்குப் பாட்டை விட மைக்தான் முக்கியம். மைக் உள்ள ஹெட்போன் ஒன்றைத் திருமலை டவுனில் வாங்கி வந்து டெஸ்க்டொப்பில் குத்தினேன். எனக்குக் கேட்கிறது, பிள்ளைகளுக்கு என் குரல் போகவில்லை. திருப்பிக் கொண்டுபோனால் கடைக்காரர் அதைத் தன் போனில் குத்தி, “வேலை செய்யுதே டீச்சர்” என்று கையில் கொடுத்துவிட்டார். இரண்டும் உண்மைதான். அந்தப் பின்னில் மூன்று கறுப்பு வளையம், அதாவது சத்தமும் மைக்கும் ஒரே பின்னில். டெஸ்க்டொப்பிலோ சத்தத்துக்குப் பச்சை, மைக்குக்கு இளஞ்சிவப்பு என்று தனித்தனி ஓட்டை. ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வயர் போட்டதும் சரி. வாங்கும்போது பின்னின் வளையத்தை எண்ணிப் பாருங்கள்.

குரல் போன பிறகு அடுத்த முறைப்பாடு, “டீச்சர், மழை பெய்யுதா?” மழை இல்லை, என் ஃபேன். விண்டோஸில் ‘மைக்ரோஃபோன் பூஸ்ட்’ +30 டெசிபெலில் இருந்தது. அதை +10-க்கு இறக்கி, மைக்கை வாய்க்கு நேரே இல்லாமல் உதட்டோரம் இரண்டு விரல் தள்ளி வைத்தேன். இப்போது ‘ப’ சொன்னாலும் வெடிப்பதில்லை. இனி வாங்கினால் யூஎஸ்பி ஹெட்செட்தான், அதற்குள்ளேயே சவுண்ட் கார்ட் இருப்பதால் இந்த ஓட்டைப் பிரச்சினையே கிடையாது.


நிலாவெளியில் இருந்து:

கடற்கரையில் இருப்பவர்களுக்கு ஒன்று. எங்கள் வீட்டில் ஹெட்போன் கெட்டுப்போவது ஜாக்கில்தான். உப்புக்காற்றில் பின் மங்கிப் பச்சை பூத்துவிடும், பிறகு இடது காது விட்டு விட்டுக் கேட்கும். புதிது வாங்க ஓடாமல், ஐசோபுரோப்பைல் அல்கஹோலில் நனைத்த துணியால் பின்னைத் துடையுங்கள். ஓட்டையில் குத்திச் சில தடவை உருட்டுங்கள். பெரும்பாலும் திரும்பி வரும். பாவிக்காத நேரம் மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கிறேன். வாடைக்காற்று மாதங்களில் அந்தப் பொட்டலத்தை அடிக்கடி மாற்ற வேண்டி வரும்.

ஒக்டோபர், நவம்பர் இடிமின்னலுக்கு ஸ்பீக்கர் பிளக்கைக் கழற்றுவதோடு, ரூட்டரில் இருந்து கம்ப்யூட்டருக்கு வரும் வயரையும் கழற்றுங்கள். பக்கத்து வீட்டில் அந்த வழியாகத்தான் போர்டே போனது.

யூஎஸ்பி ஸ்பீக்கரை அண்ணா கொஞ்சம் குறைத்துப் பேசிவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டிய நாட்களில் எங்கள் வீட்டில் சத்தம் போட்டது அது ஒன்றுதான், லேப்டாப் பற்றரியில் ஓடியது. சுவர் பிளக் வேண்டிய பெரிய ஸ்பீக்கர் அலங்காரப் பொருளாக நின்றது.


அன்புவழிபுரத்தில் இருந்து:

நான் கீபோர்ட் வாசிப்பவன். லேப்டாப்பில் ரெக்கோர்ட் செய்தால் கட்டையை அழுத்திச் சிறிது நேரம் கழித்துத்தான் ஹெட்போனில் சத்தம் வருகிறது. எனக்கும் கார்ட் வேண்டாமா?


உவர்மலையில் இருந்து:

நிலாவெளித் தம்பி சொல்வது சரி. கரண்ட் வெட்டை நான் கணக்கில் எடுக்கவில்லை.

கீபோர்ட் தம்பி, உங்களுக்குக் கார்ட் கட்டாயம் வேண்டும். கேம் விளையாடுவோருக்கான சவுண்ட் கார்டை வாங்கிவிடாதீர்கள், ‘ஓடியோ இன்டர்ஃபேஸ்’ என்று கேளுங்கள். அதோடு வரும் ஏசியோ ட்ரைவர் விண்டோஸின் வழக்கமான சத்தப் பாதையைச் சுற்றிக்கொண்டு போவதால் தாமதம் குறையும். 48 கிலோஹேர்ட்ஸில் பஃபரை (சத்தத்தைச் சிறிது சேர்த்துவைத்து அனுப்பும் அளவை) 256 என்று வைத்தால் அந்தக் கட்டத்தில் 5 மில்லி செக்கனுக்குச் சற்று மேல்தான், கைக்குத் தெரியாது. மிகச் சிறியதாக வைத்தால் ‘டிக் டிக்’ என்று உடையும், அப்போது 512-க்கு ஏற்றுங்கள்.

பெஹ்ரிங்கர் யூஎம்2, ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ இரண்டும் மலிவுப் பட்டியலில் முதலில் வரும். ஆனால் அவை ஒரு மைக், ஒரு கிட்டாருக்குச் செய்தவை. கீபோர்டின் இடம், வலம் இரண்டையும் ஸ்டீரியோவாக எடுக்க ஒரே மாதிரி இரண்டு லைன் உள்ளீடு வேண்டும், ஸ்கார்லெட் 2ஐ2 போல. அதற்கு முன் கீபோர்டின் முதுகைப் பாருங்கள். யூஎஸ்பி ஓட்டை இருந்தால், சில மொடல்களில் அதன் வழியாகவே சத்தம் லேப்டாப்புக்குப் போகும். மொடல் எண்ணைப் போடுங்கள், மனுவலைப் பார்த்துச் சொல்கிறேன்.