‘தன்னொதி வைன்’: ஒரு சொல்லுக்கு என் வாக்கு

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய முறையில், ஈஸ்ட்டை (சாற்றை நொதிக்கவைக்கும் நுண்ணுயிர்) வெளியிலிருந்து சேர்க்காமல் சிவப்பு வைன் செய்பவரின் பண்டத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு ‘இயற்கை வைன்’, ‘கலப்பிலா வைன்’, ‘தலையீடற்ற வைன்’ என மூன்று சொற்கள் இந்த இழையில் வந்துள்ளன. மூன்றுமே எனக்கு உறுத்துகின்றன.

‘இயற்கை’ என்றால் ரசாயனம் போடாத வேளாண்மை என்றே வாசகர் எடுத்துக்கொள்வார். அப்படி விளைந்த பழத்திலும் ஆய்வக ஈஸ்ட்டைத் தூவி வைன் செய்யலாம். ‘கலப்பிலா’ என்றால் ஒரே வகைத் திராட்சை என்றாகிவிடும். ‘தலையீடற்ற’ என்பது உண்மையே அல்ல. நொதிக்கும்போது கிளம்பும் கரியமில வாயு, தோல்களை மேலே தள்ளித் தொட்டியில் தடித்த அடுக்காகக் கட்டிவிடும். காயவிட்டால் அதில் காடி பிடிக்கும். நாள்தோறும் அதைத் துடுப்பாலோ காலாலோ சாற்றுக்குள் அமுக்க வேண்டும். நிறமும் துவர்ப்பும் அப்படித்தான் நன்றாக இறங்கும். இவ்வளவு பாடுபடுகிறவரைத் தலையிடாதவர் என்பதா?

அவர் விட்டுவிடுவது ஈஸ்ட் சேர்ப்பதை. பழத்தோடும் வைன் செய்யும் கூடத்திலும் இருக்கிற ஈஸ்ட்டே போதும் என்கிறார். மற்றதெல்லாம் இதைத் தொட்டே வருகிறது. வைன் கெடாமலிருக்கச் சேர்க்கும் கந்தக டை ஆக்சைடை (சுருக்கமாகக் கந்தகம்) முதலிலேயே கொட்டினால் அந்த ஈஸ்ட் ஒடுங்கும். கந்தகம் வேண்டாமென்றால் அழுகல் பழம் உள்ளே போகக் கூடாது. அதனால் கையால் பறித்துப் பொறுக்க வேண்டும். பிரான்சின் பூஜோலேயில் கந்தகமில்லா நொதிப்பை ஆராய்ந்த ழூல் ஷோவே (1907–1989) வலியுறுத்தியதும் நல்ல பழத்தைத்தான்.

ஆகவே செயலுக்குத் ‘தன்னொதிப்பு’, பண்டத்துக்குத் ‘தன்னொதி வைன்’. நொதி என்றால் என்சைம் அல்லவா என்று கேட்கலாம். இங்கே அது வினையடி. ஊறுகாய் போல வினைத்தொகை. தானே நொதித்த, நொதிக்கிற, நொதிக்கும் வைன் என்று முக்காலமும் அடங்குகிறது.

‘தேறல்’ அழகான சொல்தான், யவனர் தந்த மதுவையே சங்கப் புலவர் அப்படி அழைத்தார். ஆனால் அது தெளிந்ததைக் குறிக்கும். வடிகட்டாத இந்த வைன் பல நேரம் கலங்கலாக இருக்கும்.

சரி, தானே நொதிக்கவிட்டு அப்புறம் கந்தகத்தைத் தாராளமாகச் சேர்ப்பவர்களும் உண்டே? அந்த எல்லையை வரையறையில் வைப்போம். பிரான்சில் 2020-இல் வந்த ‘வேன் மெத்தோட் நத்யூர்’ (இயற்கை முறை வைன்) சாசனம், நொதித்து முடிந்த பிறகு சேர்த்தாலும் மொத்தக் கந்தகம் லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இனிப்பற்ற சாதாரணச் சிவப்பு வைனுக்கு 150 வரை அனுமதி.

மேலே சொன்ன தோல் அடுக்குக்கும் சொல் இல்லை. பாலேடு போல ‘தோலேடு’ எனலாமா?