மஞ்சள் துணுக்கு

படம் எடுப்பதற்காகக் காட்டு விலங்குக்குத் தீனி போட்டதுண்டா என்று கேட்டால், ஆமாம், போட்டிருக்கிறேன். என் வீட்டுக் கூடத்தில் நெடுநாள் மாட்டியிருந்த ஒரு படத்தின் கதை அது. இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

2016 ஜனவரியில் நானும் மச்சானும் பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குக் காரில் போனோம். ஆழியாறு தாண்டினால் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் வரையாடு நிற்கும் என்பார்கள், அன்றைக்கு ஒரே மூடுபனி, ஒன்றும் தெரியவில்லை. வால்பாறை ஊர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் புதுத்தோட்டம். தேயிலைக்கு நடுவே மிஞ்சியிருக்கும் சிறு காடு, அதை ஒட்டியே ரோடு. அங்கே தடுப்புச் சுவரில் ஒரு சோலைமந்திக் கூட்டம் உட்கார்ந்திருந்தது.

சிங்கவால் குரங்கு என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்போமே, அதேதான். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. கரிய உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் குஞ்சம். அணை கட்டவிடாமல் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கைக் காப்பாற்றப் போராடினார்களே, அந்தப் போராட்டத்தின் முகமே இந்தக் குரங்குதான். அப்படிப்பட்ட ஒன்று எனக்குப் பத்தடி தூரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறது. பெரிய ஆண். எனக்கு அதன் முகம் வேண்டும்.

மச்சான் மடியில் நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட் இருந்தது. "ரெண்டு எடுத்து வெளியே நீட்டு மச்சான், திரும்பட்டும்" என்று சொன்னது நான்தான். அவன் கையை நீட்டக்கூட இல்லை. பாக்கெட் சரசரத்த சத்தத்துக்கே மூன்று தலைகள் திரும்பின. எனக்கு முன்னால் எத்தனை பேர் அங்கே நின்று பாக்கெட் பிரித்திருப்பார்கள் என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

அந்த ஆண் சுவரைவிட்டு இறங்கி, ரோட்டின் வெள்ளைக் கோட்டைத் தாண்டி நடந்து வந்தது. நீளமான கறுத்த விரல்கள், நம்முடையதைப் போலவே நகங்கள். மச்சானின் விரலில் படாமல் அவ்வளவு பதமாக சிப்ஸை உருவி எடுத்தது. வாயில் போட்டதும் கன்னத்துப் பை உப்பியது. நான் பதினான்கு ஷாட் எடுத்தேன். அதில் ஒன்றில் முகம் நேராக, கண் இரண்டும் தெளிவாக, பின்னால் பச்சை மங்கலாக வந்திருந்தது. ரோடு ஃபிரேமில் வராமல் பார்த்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தபோது, வலப்பக்கப் பிடரியில் மஞ்சளாக ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. சிப்ஸ் துணுக்கு. அதை அழிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்கு இன்றைக்கும் உறுத்துவது அந்த ஒரு நிமிஷம்தான். செய்தது தவறில்லை என்று நினைத்திருந்தால் எதற்கு அதை அழித்தேன்? படத்துக்குக் கீழே "சோலைமந்தி, ஆனைமலை, இயற்கைச் சூழலில்" என்று எழுதினேன். ஒரு போட்டியில் இரண்டாம் பரிசு கிடைத்தது.

அடுத்த வருஷம் டிசம்பரில் தனியாகப் போனேன். புதுத்தோட்டத்தில் கையில் குச்சியோடு ஒரு காவலர் நின்றிருந்தார். வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்வதும், மந்திகள் ரோட்டுக்கு வராமல் பார்த்துக்கொள்வதும் அவர் வேலை. பேச்சுவாக்கில் போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினேன், பெருமையாகத்தான். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ரோட்டுல வச்சு எடுத்ததா தம்பி?"

"எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?"

"காட்டுல மேல இருக்கறப்ப எடுத்தா நமக்கு அதோட வயிறுதான் தெரியும். இதுல அது யாரோட கையையோ பார்க்குது பாருங்க."

அதுவரை நான் கவனிக்கவே இல்லை. கண்கள் லென்ஸைப் பார்க்கவில்லை. கொஞ்சம் கீழே, கொஞ்சம் இடது பக்கமாக, மச்சானின் கையைப் பார்க்கின்றன. ஒரு தடவை தெரிந்துவிட்டால் அந்தப் படத்தில் வேறெதுவும் கண்ணில் படாது.

அப்புறம் வளைவைக் காட்டி, போன மாதம் ஒரு பெண் மந்தி அங்கே அடிபட்டதைச் சொன்னார். குட்டி வயிற்றைப் பிடித்தபடியே இருந்ததாம். அவர் வேறு விவரம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சோலைமந்தி ஒரு தடவைக்கு ஒரு குட்டிதான் போடும், அடுத்த குட்டிக்கு இரண்டு மூன்று வருஷம் ஆகும். காடு துண்டு துண்டாகக் கிடக்கும் இடத்தில் ஒரு பெண் மந்தி போவது எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசித்துப் பாருங்கள். மரத்தின் உச்சியிலேயே பலாவும் வெடிப்பலாவும் பூச்சியும் தின்று வாழ வேண்டிய பிராணி. அதற்கு வண்டியின் வேகம் எப்படித் தெரியும்?

அந்த மந்தி செத்ததற்கு என் சிப்ஸ்தான் காரணம் என்று சொல்லவில்லை. அங்கே கிளைகள் ஒன்றோடொன்று தொடாதபடி நடுவில் ரோடு போகிறது, வீடுகள் இருக்கின்றன, குப்பை இருக்கிறது. மந்திகள் கீழே இறங்காமல் கடப்பதற்காக மரத்துக்கு மரம் தொங்குபாலம்கூடக் கட்டிவைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் சிலர் பாடுபட்டு அவற்றை மேலேயே வைத்திருக்கப் பார்க்கிறார்கள், நான் ஒரு படத்துக்காகக் கீழே வரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன். இதை எனக்கு நானே எப்படிச் சொல்லிப் பார்த்தாலும் நியாயமாக வரவில்லை.

மீன்கொத்திக் கதையும் ஒன்று உண்டு. கோவைக்கு வெளியே ஒரு தோப்பில் பறவைப் படம் எடுக்க மறைவிடம் போட்டிருக்கிறார்கள் என்று நண்பர் கூட்டிப் போனார். குளத்து ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியைப் புதைத்து, விளிம்பு தெரியாமல் தண்ணீர் நிரப்பி, பத்துப் பதினைந்து மீன் விட்டிருந்தார்கள். மேலே அழகான ஒரு குச்சி. பறவை அதே குச்சியிலிருந்து அதே இடத்தில் திரும்பத் திரும்பப் பாய்ந்தது. அரை மணி நேரம் நானும் எடுத்தேன். பிறகு தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். மிச்சமிருந்த மீன்கள் ஒரு மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாக ஒடுங்கிக் கிடந்தன. கேமராவைப் பையில் வைத்துவிட்டேன். "மீன்கொத்தி மீன் தின்னாமல் வேறென்ன தின்னும்?" என்று நண்பர் கேட்டார். தின்னட்டும். ஆனால் தப்பிக்க வழியில்லாத மீனை வைத்து எடுத்ததை வேட்டைப் படம் என்று எப்படிப் போடுவது? ஒரு காலத்தில் மத்தியப் பிரதேசத்துக் கன்ஹா காட்டில் எருமைக்கன்றைக் கட்டிவைத்துப் புலி காட்டினார்கள். அளவுதான் வேறு, முறை அதேதான். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஆண்டுதோறும் நடத்தும் காட்டுயிர்ப் படப் போட்டியில், உயிருள்ள இரையை வைத்து எடுத்த படங்களைச் சேர்ப்பதே இல்லை.

கோடையில் பறவைக்குத் தண்ணீர் வைத்து எடுப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கேமரா இல்லாத நாளிலும் அந்தத் தண்ணீர் அங்கே இருக்குமா என்று மட்டும் கேட்பேன்.

பரிசு கொடுத்தவரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். "எல்லாரும் பண்றதுதானே சார், விடுங்க" என்றார். படத்தைக் கழற்றி வைத்துவிட்டேன். யாராவது கேட்டால் இப்போது அந்தத் துணுக்கு அழிக்காத பழைய ஃபைலைத்தான் அனுப்புகிறேன், சிப்ஸ் காட்டி எடுத்தது என்று எழுதி.

போன பிப்ரவரியில் மறுபடி புதுத்தோட்டம் போனபோது அதே காவலர் இருந்தார். அன்றைக்குத் தீனி காட்டச் சொன்னது நான்தான் என்று அவரிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் ரோட்டைப் பார்த்தபடி நின்றுவிட்டு, "அந்தா ஒரு வண்டி நிக்குது. இந்தத் தடவை நீங்க போய்ச் சொல்லுங்க தம்பி" என்றார்.

போனேன். பின் சீட்டில் ஆறு வயதிருக்கும் ஒரு பெண் குழந்தை, கையில் பாதி பிஸ்கட், கண்ணாடிக்கு வெளியே கை. முன்னால் அப்பா போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு குட்டி மந்தி சுவரிலிருந்து இறங்கலாமா வேண்டாமா என்று ஒரு காலைக் கீழே தொங்கவிட்டிருந்தது. நான் குனிந்து, அந்தப் பாப்பாவிடம்தான் பேசினேன். "நான் ஒரு தடவை குடுத்தேன்மா. அதுக்கப்புறம் அதுங்க வண்டி வர்ற ரோட்டுக்கே வந்துடுதாம்" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், குட்டியைப் பார்த்தாள், பிஸ்கட்டைத் திரும்பப் பாக்கெட்டுக்குள் செருகினாள். அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டியை எடுத்தார். குட்டி காலை மேலே இழுத்துக்கொண்டது.