எமர்ஜென்சி மெடிசினுக்கு விண்ணப்பிக்கும் முன் வரும் கோடை: இன்னொரு அவே ரொட்டேஷன் தேவையா?

மிச்சிகன் மாணவி:
வணக்கம். மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு முடியப்போகிறது, செப்டம்பர் கடைசியில் எமர்ஜென்சி மெடிசின் (அவசர சிகிச்சை) ரெசிடென்சிக்கு, அதாவது பட்டம் வாங்கிய பிறகு செய்யும் சிறப்புப் பயிற்சிக்கு, விண்ணப்பம் போட வேண்டும். ஜூலையில் எங்கள் கல்லூரி மருத்துவமனையிலேயே ரொட்டேஷன் (ஒரு துறையில் ஒரு மாத வேலைப் பயிற்சி), ஆகஸ்டில் ஒஹாயோவில் ஒரு அவே, அதாவது வெளி மருத்துவமனையில் செய்யும் ரொட்டேஷன். இப்போது செப்டம்பருக்கு டெக்சாஸிலிருந்தும் இடம் வந்திருக்கிறது. மருத்துவ உரிமத் தேர்வின் இரண்டாம் கட்டமான ஸ்டெப் 2 இன்னும் எழுதவில்லை. டெக்சாஸுக்கும் சரி சொல்லிவிடலாமா?

சிகாகோ ரெசிடென்ட்:
யோசிக்காமல் போ தங்கச்சி. எமர்ஜென்சியில் முதலில் புரட்டிப் பார்ப்பது ஸ்லோ கடிதத்தைத்தான். ஒரு பேராசிரியர் தனியாக எழுதும் பாராட்டுக் கடிதம் இல்லை அது, நீ வேலை பார்த்த துறை மற்ற மாணவர்களோடு உன்னை ஒப்பிட்டு, தங்கள் பட்டியலில் எங்கே வைப்போம் என்றே எழுதிக் கொடுப்பது. முதல் கட்டத் தேர்வான ஸ்டெப் 1, 2022 ஜனவரியிலிருந்து வெறும் பாஸ், ஃபெயில் ஆகிவிட்டதால் அதற்கு இன்னும் எடை கூடிவிட்டது. மூன்று இடத்தில் முகம் காட்டினால் மூன்று கதவு.

நியூஜெர்சி அட்டெண்டிங் (பயிற்சி முடித்த மூத்த மருத்துவர்):
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் தம்பி. இரண்டு நல்ல ஸ்லோ இருந்தால் மூன்றாவது பெரிதாக எதையும் சேர்ப்பதில்லை. அதிலும் செப்டம்பர் ரொட்டேஷன் முடிந்து அவர்கள் உட்கார்ந்து எழுதி ஏற்றுவதற்குள் அக்டோபர் வந்துவிடும், செப்டம்பர் கடைசியிலேயே விண்ணப்பங்களைப் பிரிக்க ஆரம்பித்திருப்பார்கள். ஜூனை முழுக்க ஸ்டெப் 2க்கு வைத்துக்கொள்ளம்மா. ஒரே நாளில் ஒன்பது மணி நேரப் பரீட்சை, நைட் ஷிஃப்டுக்கு நடுவே படித்து எழுதுகிற சமாச்சாரம் இல்லை. மதிப்பெண் வரவும் சில வாரம் பிடிக்கும். அப்புறம் பணம். இங்கேயும் வாடகை, அங்கேயும் வாடகை, விமான டிக்கெட், கார், எல்லாம் கல்விக்கடனில்தானே போகும்?

சிகாகோ ரெசிடென்ட்:
அக்கா, 2023 மேட்ச் (விண்ணப்பித்தவர்களையும் ரெசிடென்சி இடங்களையும் பொருத்தும் ஆண்டுத் தேர்வுமுறை) நினைவில் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 2030 வாக்கில் எமர்ஜென்சி மருத்துவர்கள் உபரியாகிவிடுவார்கள் என்று 2021இல் வந்த கணிப்பு, கோவிட் களைப்பு, எல்லாம் சேர்ந்து அந்த வருடம் 554 இடம் காலியாகக் கிடந்தது. அடுத்த வருடமே அது 135 ஆகிவிட்டது. ஆட்கள் திரும்ப வந்துவிட்டார்கள். டெக்சாஸில் குடியேற ஆசை என்றால் அங்கே ஒரு மாதம் நின்று காட்டுவதை விண்ணப்பத்தோடு எழுதும் எந்தக் கட்டுரையும் ஈடு செய்யாது.

புளோரிடா ஆஸ்டியோபதி:
இரண்டு பேரும் சொந்தக் கல்லூரியில் எமர்ஜென்சி ரெசிடென்சி இருப்பவர்களுக்கே பேசுகிறீர்கள். எங்கள் ஆஸ்டியோபதி (டி.ஓ. மருத்துவப் பட்டம் தரும்) கல்லூரியில் கிடையாது. எங்களுக்கு இரண்டு ஸ்லோவும் வெளியிலிருந்துதான் வர வேண்டும், பல இடங்களில் ஏற்கெனவே ஒரு எமர்ஜென்சி ரொட்டேஷன் முடித்திருந்தால்தான் சேர்ப்பார்கள், அந்த முதல் இடத்தைப் பிடிப்பதற்குள் வசந்தகாலமே போய்விடுகிறது. ‘ஒரு அவே போதும்’ என்று பொதுவாக எழுதாதீர்கள்.

நியூஜெர்சி அட்டெண்டிங்:
நியாயம். உங்கள் நிலைமையில் இரண்டு அவே கட்டாயம், அதைச் சேர்த்தே எழுதியிருக்க வேண்டும். கேட்டவளுக்குச் சொந்த இடம் இருக்கிறது என்பதால் அப்படிச் சொன்னேன்.

முகம் காட்டுவது பற்றி ஒன்று. மாணவர்களை நாங்கள் எதில் எடை போடுகிறோம் தெரியுமா? சிறுநீரகக் கல் வலியோடு வந்தவருக்கு மருந்து கொடுத்தாகிவிட்டது. அரை மணி கழித்து யாரும் சொல்லாமலே திரும்பப் போய் வலி குறைந்ததா என்று கேட்டு, ஸ்கேன் முடிவையும் பார்த்துவிட்டு, ‘வலி அடங்கிவிட்டது, காய்ச்சல் இல்லை, வீட்டுக்கு அனுப்பலாம் என்று நினைக்கிறேன்’ என்று வந்து சொல்கிற பிள்ளைக்குத்தான் நல்ல ஸ்லோ. முழு வரலாற்றையும் ஒப்பித்துவிட்டு ‘அடுத்து என்ன செய்யலாம்?’ என்று எங்களைப் பார்க்கிறவருக்கு இல்லை. மூன்றாவது மாதம் தூக்கமில்லாமல், புது ஊரில், புது கணினி முறையில் திணறும்போது முதலில் விட்டுப்போவது அந்தத் திரும்பப் போய்ப் பார்ப்பதுதான். அங்கே சுமாரான ஸ்லோ வாங்கினால், கையில் இருக்கும் இரண்டு நல்லதையும் அது இழுத்துவிடும்.

சிகாகோ ரெசிடென்ட்:
களைப்பு எல்லோருக்கும் ஒரே மாதிரி அடிப்பதில்லை அக்கா. சிலர் மூன்றாவது மாதத்தில்தான் சூடு பிடிக்கிறார்கள். கடைசி வரையில் என் ஓட்டு டெக்சாஸுக்கே, ஆனால் ஜூனில் ஸ்டெப் 2 எழுதிவிட வேண்டும் என்பதில் மறுபேச்சில்லை.

மிச்சிகன் மாணவி:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. ஜூன் கடைசி வாரத்துக்குப் பரீட்சைத் தேதி போட்டுவிட்டேன். டெக்சாஸ் எனக்கு ஊரும் இல்லை, உறவும் இல்லை, இடம் வந்ததே என்ற ஆசைதான். ஜூலை ரொட்டேஷன் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாமா?

நியூஜெர்சி அட்டெண்டிங்:
வேண்டாம்மா. போகப் போவதில்லை என்றால் இந்த வாரமே டெக்சாஸுக்கு எழுதிச் சொல்லிவிடு. புளோரிடாக்காரர் மாதிரி ஒருவருக்கு அந்த இடம் போகும், ஆகஸ்டில் ரத்து செய்தால் யாருக்கும் உதவாது.