கிறிஸ்துமஸ் பரிசாகப் புத்தகம்: எதை வாங்கலாம்?

அனைவருக்கும் வணக்கம். இந்தக் கிறிஸ்துமஸுக்குப் புதுத் துணியோடு ஆளுக்கொரு புத்தகமும் கொடுக்க ஆசைப்படுகிறேன். ஐஸ்லாந்தில் இது பெரிய வழக்கம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மற்ற இறக்குமதிப் பொருட்களுக்குக் கட்டுப்பாடு இருந்தபோது காகிதம் ஓரளவு எளிதாகக் கிடைத்ததால், அங்கே புத்தகமே பரிசாகிவிட்டது. டிசம்பர் 24 இரவு பரிசைப் பிரித்து, அப்போதே படிக்க உட்கார்ந்துவிடுவார்கள்.

நாங்கள் தூத்துக்குடியில் அம்மா வீட்டில் கூடுவோம். தம்பியின் 4 வயது மகளுக்குச் சென்னை துளிகா பதிப்பகத்தின் இருமொழிப் படப் புத்தகம் வாங்கிவிட்டேன். அவளுடைய அண்ணனுக்குத்தான் குழப்பம். வயது 9, பெங்களூரில் வளர்வதால் தமிழ் நன்றாகப் பேசுவான், ஆனால் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான். எளிதாக இருக்கட்டுமென்று குழந்தைக் கதை கொடுத்தால் முகம் வாடிவிடுகிறது. துப்பறியும் கதையோ கடல் கதையோ, சின்னச் சின்ன வாக்கியங்களில், அவன் வயதுக்கு ஏற்றதாக இருக்கிறதா? கடைசிப் பக்கத்தில் நீதி சொல்பவை மட்டும் வேண்டாம்.

அம்மாவுக்குப் பெரிய எழுத்தில் அச்சான சிறுகதைகள் வேண்டும். பண்டிகை இரவில் எல்லோரும் சுற்றி அமர்ந்து கேட்க, அரை மணி நேரத்தில் வாசித்து முடிக்கக்கூடிய கதை ஒன்றும் தேடுகிறேன்.

மொத்தம் 1,500 ரூபாய் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்தவற்றைச் சொன்னால் பேருதவியாக இருக்கும். டிசம்பர் 10-க்குள் வாங்கிவிட வேண்டும்.