ஐசிஐசிஐ மாறியதா, இல்லையா?

கணக்குப்பிள்ளை:
நேற்று ஒரு மேதாவி இந்த இணைய மன்றத்தில் எழுதியிருக்கிறார்: "அரசு வங்கி, பழைய தனியார், தொண்ணூறுகளில் இருந்து உரிமம் பெற்ற புதிய தனியார் என்று மூன்று கூட்டம். எந்த வங்கியும் பிறந்த கூட்டத்தை விட்டு மாறியதே இல்லை." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஐசிஐசிஐ? 1955இல் ஆலைகளுக்கு நீண்ட காலக் கடன் கொடுக்கப் பிறந்தது. இன்று வீட்டுக் கடனும் கிரெடிட் கார்டும் விற்கிறது. இது மாற்றம் இல்லையா?

செக்புக்:
அந்த மேதாவி நான்தான், வணக்கம். ஐசிஐசிஐ வங்கி பிறந்தது 1994இல். 1955 தாய் நிறுவனத்தின் வயது. 2002இல் தாய்தான் மகளோடு போய்ச் சேர்ந்தது. வங்கி எங்கே மாறியது?

கணக்குப்பிள்ளை:
1955. தாய் ஏன் போய்ச் சேர்ந்தது, அதைச் சொல்லுங்கள். தொண்ணூறுகளில் மலிவான அரசுப் பணம் நின்றது. சாதாரண வங்கிகளும் ஆலைகளுக்குக் கடன் கொடுக்க இறங்கின. சேமிப்புக் கணக்குப் பணம் இல்லாமல் பிழைக்க முடியாது என்று தெரிந்ததும் தொழிலையே மாற்றிக்கொண்டது. பழைய கடன் எல்லாம் மகள் தலையில்தானே இறங்கியது?

செக்புக்:
1994.

அமராவதிக்காரன்:
மும்பை ஐசிஐசிஐயை விடுங்கள், கரூரைப் பாருங்கள். கரூர் வைஸ்யா 1916, லட்சுமி விலாஸ் 1926. இரண்டுமே உள்ளூர் வியாபாரிகளை நம்பி வளர்ந்தவை. லட்சுமி விலாஸ் பெரிய கம்பெனிக் கடன் பக்கம் போனது. 2020 நவம்பரில் சிங்கப்பூர் வங்கி டிபிஎஸ் கைக்குப் போய்விட்டது. கரூர் வைஸ்யா நிற்கிறது.

செக்புக்:
எங்கள் கும்பகோணத்து சிட்டி யூனியன் 1904. உங்கள் இரண்டுக்கும் மூத்தது.

அமராவதிக்காரன்:
வயதையா கேட்டேன்? பஸ் பாடி கட்டுகிறவனையும் ஜவுளிக்காரனையும் முகம் பார்த்துக் கடன் கொடுத்து வளர்த்த ஊர் சார் இது.

பங்குக்காரன்:
முகம் பார்த்த லட்சணம்தான் தெரிந்ததே. லட்சுமி விலாஸ் பங்குதாரர்களுக்கு ஒரு பைசா கிடைக்கவில்லை. பங்கு மூலதனம் மொத்தமும் பூஜ்யம்.

கணக்குப்பிள்ளை:
திரியைத் திருப்பாதீர்கள். 2001இல் பாங்க் ஆஃப் மதுராவை எடுத்துக்கொண்டது யார்? அதே ஐசிஐசிஐ. ஆலைக் கடன் நிறுவனத்தின் பிள்ளைக்குத் தென்மாவட்டக் கிளைகள் எதற்கு? டெபாசிட்டுக்கு! ஐடிபிஐயையும் பாருங்கள். 1964இல் தொழில் வளர்ச்சிக்கென்று தொடங்கியது, பிறகு வங்கி ஆனது, 2019இல் எல்ஐசி 51 சதவீதம் வாங்கியதும் ரிசர்வ் வங்கியே அதைத் தனியார் பட்டியலில் போட்டது. கடன் நிறுவனம், அரசு வங்கி, தனியார் வங்கி என்று ஒரே ஆள் மூன்றும் பார்த்தாயிற்று!

செக்புக்:
ஒழுங்குமுறைக்காகப் போட்ட வகை அது. ஐசிஐசிஐ வங்கி, 1994.

கணக்குப்பிள்ளை:
ஐடிபிஐக்குப் பதில் இல்லை, பார்த்தீர்களா? நகைக் கடன் திரியிலும் இப்படித்தான் நழுவினார். அன்றைக்கு என்னை 'வட்டிக்கடை மூளை' என்று சொன்னதை நான் மறக்கவில்லை.

செக்புக்:
இன்னும் அதே கருத்துதான்.

மூன்றாம்மாடி:
கூட்டம் கூட்டம் என்கிறீர்களே, எதை வைத்துப் பிரிக்கிறீர்கள்? உரிமையா, கடன் வாங்குகிறவரா?

கணக்குப்பிள்ளை:
தம்பி, அது அப்புறம். முதலில் 1955ஐ அவர் ஒத்துக்கொள்ளட்டும்.

அமராவதிக்காரன்:
கும்பகோணத்துக்காரர் எதை ஒத்துக்கொண்டிருக்கிறார்?

செக்புக்:
ஊரை இழுத்தால் நானும் இழுப்பேன்.