மறு: மறு: அளவுகோல் சோதனைக்கு ஒரு சொல் வேண்டும் (திங்கள் அச்சு)

க. (தஞ்சாவூர்):
வணக்கம். பதினொன்றாம் வகுப்புச் செய்முறைத் தாள் திங்கள்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒருவர் அளவுகோலைத் தொங்கவிட்டுச் சொல்லாமல் விடுவார். மற்றவர் இரு விரலால் பிடிக்க வேண்டும். 20 செ.மீ. இறங்கியிருந்தால் பிடிக்க எடுத்த நேரம் ஏறக்குறைய 0.2 வினாடி. ரியாக்‌ஷன் டைமுக்கு 'எதிர்வினை நேரம்' என்று போட்டிருந்தேன். "நியூட்டன் விதியில் வருமே, அந்த எதிர்வினையா டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டுவிட்டாள். வேறு சொல் உண்டா?

ந. (சென்னை):
உளவியலில் 'தூண்டல்–துலங்கல்' (ஸ்டிமுலஸ்–ரெஸ்பான்ஸ்) நெடுநாளாகப் புழங்குகிறது. 'துலங்கல் நேரம்' என்று போடுங்கள், முடிந்தது.

பு. (கோவை):
முடியவில்லை ஐயா. துலங்குதல் என்றால் ஒளிர்தல். புளி போட்டுத் தேய்த்த பித்தளைக் குடம் துலங்கும்; விரல் எப்படித் துலங்கும்? 'துல்' என்ற அடியைப் பார்த்தால் துல்லியமும் அங்கிருந்தே கிளைக்கிறது. 'உடுக்கை இழந்தவன் கைபோல' என்றாரே, அதைவிட விரைவு ஏது? 'கைவிரைவு' என்போம்.

ந. (சென்னை):
துல்லியம் 'துல்ய' என்ற வடசொல்லின் வழி வந்தது. போகட்டும். ஓட்டக்காரர் துப்பாக்கி ஒலி கேட்டு 0.1 வினாடிக்குள் கிளம்பினால் தவறான தொடக்கம் என்கிறார்கள். அங்கே அளப்பது காலின் உதைப்பை. 'கைவிரைவு' என்றால் சிரிப்பார்கள்.

சி. (யாழ்ப்பாணம்):
எங்கள் பாடநூல்களில் துலங்கலுக்குத் 'தூண்டற்பேறு'. இரசாயன வினைக்குத் 'தாக்கம்' இருப்பதால் குழப்பமே இல்லை. இன்னொன்று, சுடுசட்டியில் பட்ட கையை இழுப்பது தெறிவினை (ரிஃப்ளெக்ஸ்), செய்தி மூளைக்குப் போகாமல் முண்ணாணோடு திரும்பிவிடும். அளவுகோலைப் பிடிக்க மூளை பார்த்து முடிவெடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே சொல்லில் போட்டு விடாதேங்கோ.

க. (தஞ்சாவூர்):
முண்ணாண் என்றால் தண்டுவடம்தானே? அழகான சொல். ஆனால் 'தூண்டற்பேறு நேரம்' என்றால் இங்கே குழந்தைப்பேறு நினைவுக்கு வரும், மன்னிக்கவும்.

ந. (சென்னை):
சொல் அடைமொழி தாங்குமா என்று பாருங்கள். 1868இல் வெளியிட்ட ஆய்வில் டோண்டர்ஸ் என்ற டச்சு உடலியலாளர் ஒரே குறிக்கு ஒரே செயல் என்று ஒரு நேரம் அளந்தார். பல குறிகளில் எது வந்தது என்று பார்த்து அதற்கேற்பச் செய்ய இன்னொரு நேரம். பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் மனம் குறியை இனங்கண்டு செயலைத் தேர்ந்தெடுக்கும் நேரம் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. எளிய துலங்கல் நேரம், தேர்வுத் துலங்கல் நேரம். பொருந்துகிறதா?

பு. (கோவை):
பொருந்தினாலும் பொருள் இல்லையே. மக்களுக்குப் புரிந்தால் போதும் என்றால் 'ரியாக்‌ஷன் டைம்' என்றே எழுதிவிடலாம். இந்தச் சொல்லாக்கக் குழு எதற்கு?

சி. (யாழ்ப்பாணம்):
சரி, துலங்கலுக்கே என் வாக்கும். நாளைக்கு ஞாயிறு.

க. (தஞ்சாவூர்):
'துலங்கல் நேரம்' என்று அனுப்பிவிட்டேன். முதலிடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் எதிர்வினை நேரம். அனைவருக்கும் நன்றி.

பு. (கோவை):
என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். நீங்கள் அளப்பது விரல் அசையத் தொடங்கும் வரையா, கோல் பிடிபடும் வரையா? அதை முடிவு செய்யாமல் பெயர் வைத்திருக்கிறீர்கள். துல்லியம் தமிழே என்பதற்குத் தனி இழையில் எழுதுகிறேன்.